விதி எழுதியவர்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், 'ஆஸ்திரேலியர்களுக்கென்று தனியாக ஒரு ஃபுட்பால் உண்டு, அதற்கு விதை போட்டவர் ஒரு கிரிக்கெட்காரர்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாப் பதில்களுக்கும் வந்ததைவிட அதிகம். எனவே இந்த இதழ் முழுக்க அந்தக் கிரிக்கெட்காரர் டாம் வில்ஸுக்கே. கட்சி, சினிமா, மாமியார் கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. மாமியார்கள் காத்திருப்பார்கள்.

கேள்வி: அந்த ஆட்டத்தை டி.வி.யில் அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. எனக்கு மூளை குறைவா, ஆட்டத்துக்கு விதி குறைவா?

பதில்: இரண்டும் இல்லை, உங்களுக்குப் பழக்கம் குறைவு. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி, அதாவது ஆறுதல் பரிசு. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் நடுநடுவே தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். உதைத்த பந்தைத் தரையில் படாமல் எவனாவது பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவன் யாரும் தொந்தரவு செய்யாமல் நிதானமாக உதைக்கலாம். பிடிப்பதற்காக எதிராளியின் முதுகில் முட்டியை ஊன்றி எழும்புவதும் செல்லும்! ஆஃப்சைடு கிடையாது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். இந்தத் தடவை ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் குழப்பம் வரும்.

கேள்வி: டாம் வில்ஸ் யார்? சிகரெட் வில்ஸுக்குச் சொந்தமா?

பதில்: சிகரெட் வில்ஸ், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் புகையிலைக் குடும்பம். நம் வில்ஸின் பாட்டனார் வழிப்பறிக் குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதி. பேரன் 1835ல் பிறந்தபோது குடும்பம் ஆட்டு மந்தைகளும் நிலமுமாகச் செழித்துவிட்டது. அப்பா ஹொரேஷியோ பெரிய பண்ணைக்காரர். மகனை வக்கீலாக்க வேண்டும் என்ற ஆசையில் 14 வயதில் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பினார். ஆமாம், ரக்பி ஆட்டம் பெயர் வாங்கிய அதே பள்ளி. பையன் அங்கே கிரிக்கெட் கேப்டன் ஆனான், ஃபுட்பாலில் புலி ஆனான். படிப்பு மட்டும் ஆகவில்லை. 1856ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆக்ஸ்ஃபோர்டை எதிர்த்து கேம்பிரிட்ஜுக்காக ஆடினான். கேம்பிரிட்ஜில் முறையாகச் சேரவே இல்லை என்பது வேறு விஷயம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடாதவர்கள் உண்டு. சேராமல் ஆடியவர் இவர்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் ஏன் ஃபுட்பாலைக் கண்டுபிடிக்க வேண்டும்?

பதில்: தொப்பை பயம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 1858 ஜூலை 10ஆம் தேதி மெல்பர்னில் வெளிவந்த 'பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா' என்ற விளையாட்டுப் பத்திரிகையில் வில்ஸின் கடிதம் ஒன்று வந்தது. அவருக்கு அப்போது 22 வயது. குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா உட்கார்ந்து சதை போடுகிறார்கள், அதைத் தடுக்க ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பியுங்கள் என்பது சாரம். அது முடியாவிட்டால் ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பாவது வையுங்கள் என்றும் சேர்த்திருந்தார். இன்னொரு வாதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: ஆட்டக்காரர்கள் ஓடி மிதித்தால் கிரிக்கெட் மைதானத்தின் தரை கெட்டிப்படுமாம்! ஆக, ஒரு தேசத்தின் ஆட்டம் முதலில் சிபாரிசு செய்யப்பட்டது ரோடு ரோலராக.

கேள்வி: மைதானக்காரர்கள் ஒப்புக்கொண்டார்களா?

பதில்: எந்த மைதானக்காரன் ஒப்புக்கொள்வான்? புல்லைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர்கள். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்குள் ஃபுட்பாலுக்கு வழக்கமான இடம் கிடைக்கக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆயிற்று. அதுவரை வேலிக்கு வெளியே, ரிச்மண்ட் பேடாக் என்ற பூங்காவில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஆடினார்கள். இன்று அதே மைதானத்தில் செப்டம்பர் கடைசியில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டவன் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஊரெல்லாம் காட்டுகிறான்.

கேள்வி: முதல் ஆட்டத்தில் வில்ஸ் எத்தனை கோல் போட்டார்?

பதில்: ஒன்றும் போடவில்லை. அவர் அம்பயர். 1858 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. ஸ்காட்ச் காலேஜும் மெல்பர்ன் கிராமர் பள்ளியும், பக்கத்துக்கு 40 பேர். 40! ஒரு வகுப்பறையையே காலி செய்து கொண்டுவந்து இறக்கிய மாதிரி. எல்லைக்கோடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மரங்கள் ஆடுகளத்துக்குள்ளேயே நின்றன. உதைத்த பந்து மரத்தில் பட்டு எங்கே திரும்பும் என்று உதைத்தவனுக்கும் தெரியாது. மதியம் தொடங்கி இருட்டும்வரை ஆடி அணிக்கு ஒரு கோல். முடிவு தெரியாமல் விடக் கூடாது என்று இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆடினார்கள். கோல் இல்லை. செப்டம்பர் 4ஆம் தேதி மூன்றாம் முறை. அன்றும் இல்லை. சரி, டிரா என்று கைகழுவிவிட்டார்கள்.

வில்ஸோடு நின்ற இன்னொரு அம்பயர் ஜான் மக்கடம், வேதியியல் ஆசிரியர். சாக்லேட்டில் வருகிறதே மக்கடாமியா கொட்டை, அந்தப் பெயர் இவருடையதுதான். தாவரவியலாளர் நண்பர் ஒருவர் அந்த மரத்துக்கு இவர் பெயரை வைத்தார். ஒரே மைதானத்தில் நின்ற இரு அம்பயர்களில் ஒருவருக்குச் சிலை, ஒருவருக்குக் கொட்டை. அந்த இரண்டு பள்ளிகளும் இன்றும் வருஷா வருஷம் மோதிக்கொள்கின்றன.

கேள்வி: விதிகளை எப்படி எழுதினார்கள்? கமிட்டி போட்டா?

பதில்: கமிட்டிதான், ஆனால் கூடிய இடம் ஹோட்டல். 1859 மே 17, மெல்பர்ன் மைதானத்துக்கு அருகே பரேட் ஹோட்டல். முதலாளி ஜெரி பிரையண்டும் கிரிக்கெட்காரர், ஆகவே வாடகைப் பிரச்சினை இருந்திருக்காது. மேஜையைச் சுற்றி வில்ஸ், ஹேமர்ஸ்லி, தாம்ப்ஸன், ஸ்மித். இவர்களில் ஸ்மித் பள்ளி ஆசிரியர், டப்ளினில் படித்தவர். ஹேமர்ஸ்லியும் தாம்ப்ஸனும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள், பத்திரிகையில் எழுதுகிறவர்கள். ஒவ்வொருவரும் தான் படித்த இடத்து ஃபுட்பால்தான் ஃபுட்பால் என்று நினைப்பவர். வில்ஸுக்கு ரக்பி விதிகள் மனப்பாடம், மற்றவர்களுக்கோ அவை தலைவேதனை. கடைசியில் எல்லாருடைய ஆட்டத்திலிருந்தும் சிக்கலானதைக் கழித்து மிச்சத்தைப் பத்தே விதிகளாக எழுதினார்கள். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்ததால் சுருக்கமாக வந்தது என்று என் இனத்துக்கு நானே ஒரு ஷொட்டு வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பத்தில் பந்தை எறியக் கூடாது என்பது உண்டு. காலிலிருந்து நேராக வந்த பந்தைப் பிடித்தால் தடையில்லாமல் உதைக்கலாம் என்பதும் உண்டு. இன்றைய 'மார்க்' அதுதான். தடுக்கி விழவைக்கலாம், தள்ளலாம். ஆனால் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே பூட்ஸால் உதைக்கக் கூடாது. ரக்பி பள்ளியில் அது வீரத்தின் அடையாளம். மெல்பர்னில் ஆடியவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய பெரியவர்கள். நொண்டிக்கொண்டு போனால் முதலாளி கேட்பான் அல்லவா? ஆஃப்சைடு விதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த மௌனம்தான் இந்த ஆட்டத்தை மற்ற ஃபுட்பால்களிலிருந்து பிரித்தது என்பேன். பந்துக்கு முன்னால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்றதும் ஆட்டம் மைதானம் முழுக்க விரிந்துவிட்டது.

கேள்வி: எழுதினார் சரி, ஆடினாரா? எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

பதில்: இதைக் கேட்ட ஒரே வாசகருக்கு நன்றி. எல்லாரும் 'நிறுவனர்' என்று மாலை போட்டு அவர் ஆடியதை மறந்துவிடுகிறார்கள். மெல்பர்ன், ரிச்மண்ட், ஜீலாங் என்று ஆடினார். போன இடமெல்லாம் கேப்டன். பதினைந்து வருஷத்துக்கு மேல் களத்தில் இருந்தார். அன்றைய ஃபுட்பாலில் எல்லாரும் பந்தைச் சுற்றி ஈ மாதிரி மொய்ப்பார்கள். வில்ஸ் கிரிக்கெட் கேப்டன். நீ இங்கே நில், நீ அங்கே நில் என்று ஃபீல்டிங் நிறுத்துவதுபோல் ஆட்களை நிறுத்தினார். பந்து வந்த பிறகு ஓடாதே, வரப்போகும் இடத்தில் நில். இன்று பயிற்சியாளர்கள் கம்ப்யூட்டரில் போடும் கோலங்களுக்கு அதுதான் புள்ளி.

குசும்பும் உண்டு. ஒருமுறை பல்லாரட் நகரில் ஜீலாங் அணிக்கு எதிர்க்காற்று. வில்ஸ் தன் ஆட்கள் எல்லாரையும் சொந்த கோலுக்கு முன்னால் குவித்து, பந்து வரும்போதெல்லாம் வெளியே தள்ளி நேரத்தைக் கழித்தார். ஜனங்கள் கத்தித் தீர்த்தார்கள். விதியில் தடை இருக்கிறதா? இல்லை. எழுதியவருக்குத் தெரியாதா என்ன!

கேள்வி: ஆனால் 'ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் தந்தை' ஹாரிஸன் என்று ஒரு புத்தகத்தில் படித்தேனே?

பதில்: ஹாரிஸன், வில்ஸுக்கு அத்தை பிள்ளை, அப்புறம் அவருடைய தங்கை எமிலியைக் கட்டிக்கொண்டு மைத்துனரும் ஆனவர். அசாத்திய ஓட்டக்காரர். பந்தை எடுத்துக்கொண்டு அவர் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. 1866ல் விதிகளைத் திருத்திய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். ஓடுகிறவன் சில கஜத்துக்கு ஒருமுறை பந்தைத் தரையில் தட்ட வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. தன் காலுக்குத் தானே கட்டிய லாடம்.

பட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், வில்ஸ் 44 வயதில் போய்விட்டார். ஹாரிஸன் 92 வயதுவரை இருந்தார், சுயசரிதையும் எழுதினார். தந்தைப் பட்டத்துக்குப் போட்டி வந்தால் நீண்ட நாள் இருப்பவர் ஜெயிப்பார். என்னைக் கேட்டால் ஹாரிஸன் வளர்ப்புத் தந்தை.

கேள்வி: இந்த ஆட்டம் அங்குள்ள பழங்குடி மக்களிடமிருந்து வந்ததுதானே? வெள்ளைக்காரர்கள் மறைக்கிறார்கள்!

பதில்: ஆச்சரியக்குறியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பழங்குடி மக்கள் பந்தாடினார்கள் என்பதில் சந்தேகமில்லை. மார்ன்குருக் என்று பெயர். போசம் என்ற மரவாழ் விலங்கின் தோலைச் சுருட்டித் தைத்த பந்து. உயரே உதைப்பார்கள், கூட்டமாக எம்பிப் பிடிப்பார்கள். 1857ல் போன ஓர் ஆய்வுப் பயணத்தில் பார்த்ததை வைத்துச் செதுக்கிய படமே இருக்கிறது. வில்ஸ் வளர்ந்தது மேற்கு விக்டோரியாவில், ஜாப் வுருங் மக்களின் மண்ணில். அவர்கள் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் பாஷை பேசி வளர்ந்த வெள்ளைப் பையன். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடு தானாக வரையப்படுகிறது.

ஆனால் அந்தக் கோட்டை வரைந்த காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. வில்ஸின் கடிதங்களில் இல்லை, மேஜையில் உட்கார்ந்த மற்றவர்கள் எழுதியதிலும் இல்லை. முதல் விதிகளில் தெரிவது இங்கிலாந்துப் பள்ளிகளின் வாடை. 'மயக்கும் கட்டுக்கதை' என்று சொன்ன சரித்திர ஆய்வாளரும் உண்டு, அவரை மறுத்தவர்களும் உண்டு. என் கட்சி இது: பத்து வயதில் பார்த்ததை உடம்பு மறக்காது, அந்த ஞாபகத்துக்கு ரசீது கேட்பது அநியாயம். ஆனால் ரசீது இல்லாததை ரசீது என்று காட்டவும் கூடாது.

கேள்வி: அவர் குடும்பத்தைப் பழங்குடிகளே கொன்றார்கள் என்கிறார்கள். பிறகும் அவர்களோடு கிரிக்கெட் ஆடினாராமே? நம்ப முடியவில்லை.

பதில்: இந்தப் பதிலில் வேடிக்கை இல்லை.

1861ல் அப்பா ஹொரேஷியோ புது நிலம் தேடிக் குவீன்ஸ்லாந்துக்குப் புறப்பட்டார். பத்தாயிரம் ஆடுகள், குடும்பம் குடும்பமாக வேலையாட்கள், மாதக்கணக்கில் நடை. டாமும் போனார். கல்லின்-ல-ரிங்கோ என்ற இடத்தில் கூடாரம் போட்டார்கள். அது கயிரி மக்களின் நிலம். சாமான் வாங்கிவர டாம் வண்டியோடு போயிருந்த சமயம், அக்டோபர் 17 மதியம், முகாம் தாக்கப்பட்டது. அப்பாவோடு 19 பேர் செத்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஆடு திருடியதாகச் சொல்லிப் பழங்குடிகளைச் சுட்டதற்குப் பழி அது என்று வில்ஸ் குடும்பத்திலேயே பேச்சு இருந்தது. பதிலுக்கு வெள்ளையர்களும் போலீஸும் கிளம்பிப் போய்க் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார்கள். செத்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஐந்தே வருஷம் கழித்து, 1866ல், விக்டோரியாவின் மேற்குப் பகுதிப் பழங்குடி இளைஞர்களின் கிரிக்கெட் அணிக்கு வில்ஸ் பயிற்சியாளராகவும் கேப்டனாகவும் போனார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்பர்ன் மைதானத்தில் பத்தாயிரம் பேர் அளவில் கூட்டம். தோற்றார்கள், ஆனால் ஜானி முல்லா என்ற ஆட்டக்காரரை ஊர் கண்டுகொண்டது. 1868ல் இங்கிலாந்துக்குப் போய் 47 ஆட்டங்கள் ஆடிய அணி இதிலிருந்து வந்ததுதான். வெளிநாடு போன முதல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி அது. கேப்டன் பதவி வேறொருவருக்குப் போனது. வில்ஸைக் கூட்டிப்போகவில்லை.

இந்தக் கதையை மன்னிப்பின் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021ல் ஒரு பழைய கட்டுரை கிடைத்தது. 1895ல் ஒரு சிகாகோ பத்திரிகையில் வந்தது. பழிவாங்கப் போன கூட்டத்தில் தானும் இருந்ததாக வில்ஸே தன்னிடம் சொன்னார் என்று எழுதியிருந்தார் ஒருவர். எழுதியவர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அது உண்மையாக இருந்தால்? அப்போதும் அவர் அந்த இளைஞர்களுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுத்தவர்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க நமக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: வில்ஸ் பந்தை எறிவார் என்று ஒரு கிரிக்கெட் நண்பன் சொன்னான். பொறாமையா?

பதில்: உண்மை. ஃபுட்பாலில் எறியக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டு, கிரிக்கெட்டில் எறிந்தார். 1872ல் விக்டோரியாவுக்காக ஆடும்போது எறிகிறார் என்று நோ-பால் கொடுத்தே விட்டார்கள். பத்திரிகையில் அதைப் பற்றிக் கடுமையாக எழுதியவர் யார் தெரியுமா? ஹேமர்ஸ்லி. பரேட் ஹோட்டல் மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே ஹேமர்ஸ்லி.

கேள்வி: அந்தக் காலத்தில் ஃபுட்பால்காரர் எல்லாருமே கிரிக்கெட்காரரா?

பதில்: நிறையப் பேர். ஒருவரைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு ஓய்வெடுங்கள். ஜார்ஜ் கூல்தார்ட், கார்ல்டன் கிளப்பின் நட்சத்திரம். 1879 பிப்ரவரி 8, சிட்னியில் இங்கிலாந்தின் லார்ட் ஹாரிஸ் அணியும் நியூ சவுத் வேல்ஸும் ஆட, 22 வயது கூல்தார்ட் அம்பயர். உள்ளூர் நாயகன் பில்லி மர்டாக் ரன் அவுட் என்று கையைத் தூக்கினார். அவ்வளவுதான், ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. லார்டுக்கே அடி விழுந்தது. கூல்தார்ட் மெல்பர்ன்காரர் என்பது சிட்னிக்காரர்களின் கோபத்துக்குப் பாதிக் காரணம், பந்தயப் பணம் மீதிக் காரணம். எதிர்முனையில் நின்ற அம்பயர் எட்மண்ட் பார்ட்டன், பிற்பாடு ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர். கூட்டத்தைச் சமாளிக்க அன்றே பழகிக்கொண்டார்போல.

கூல்தார்ட் 1882ல் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். கடைசி ஆளாக வந்து 6 நாட் அவுட். பந்து போடவில்லை. மறுவருஷம் காசநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 27.

கேள்வி: வில்ஸின் கடைசிக் காலம்?

பதில்: குடி. முகாமில் பார்த்த பிணங்கள் ராத்திரியில் வந்தனவா, அதற்கு முன்பே பாட்டில் பழகிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்புக்கு அவர் செயலாளராக இருந்த 1857-58லேயே கணக்கும் காகிதமும் ஒரே குப்பையாகக் கிடந்தன என்பதால் ஒழுங்கு அவருக்கு என்றுமே கூடிவந்ததில்லை என்று மட்டும் சொல்லலாம். கடன் சேர்ந்தது. கிளப்புகள் கைவிட்டன. ஹைடெல்பர்க் என்ற புறநகரில் சாரா பார்பர் என்ற துணைவியோடு ஒதுங்கினார். குடியை நிறுத்தினால் நடுக்கமும் பிரமையும். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தப்பி வீட்டுக்கு வந்து, மறுநாள், 1880 மே 2, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் விசாரிக்கப் போனபோது அவருடைய அம்மா, தாமஸ் என்று எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கல்லறையில் பெயர்ப்பலகை வைக்க நூறு வருஷம் ஆயிற்று. 1980ல் வைத்தது மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்.

கேள்வி: மெல்பர்ன் மைதானத்து வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறதாமே? பந்தை உதைக்கிறாரா, பிடிக்கிறாரா?

பதில்: இரண்டும் இல்லை. 2001ல் வைத்த வெண்கலச் சிலை. இரண்டு பையன்கள் பந்துக்கு முட்டிமோத, பக்கத்தில் வில்ஸ் அம்பயராக நிற்கிறார். அந்த 1858 ஆட்டம். நின்ற இடமும் மைதானத்துக்கு வெளியேதான்.